வென்றால் பொறுமை, தோற்றால் பயமா?

பின்வரிசையிலிருந்து பந்தைச் சிறுசிறு தட்டல்களாக முன்னே கொண்டுவரும் குழு வென்றுவிட்டால், “என்ன பொறுமை!” என்கிறோம். அதே குழு அதே முறையில் விளையாடித் தோற்றால், “முன்னால் அடிக்கப் பயம்” என்கிறோம். எல்லாரும் பின்வாங்கி நின்று ஒரு கோல் வித்தியாசத்தில் வென்றால் அது கட்டுக்கோப்பு. கடைசி நிமிடத்தில் ஒரு கோல் விழுந்துவிட்டால் அதுவே கோழைத்தனம். திடலில் நடந்தது மாறவில்லை. பலகையில் இருந்த எண் மட்டும்தான் மாறியது.

சிங்கப்பூர்த் தேசியக் காற்பந்துக் குழுவைப் பற்றி என் வயது ரசிகர்கள் பேசும் விதம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. நண்பர்கள் சேர்ந்து வைத்திருக்கும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், ஆட்டம் முடிந்த பத்து நிமிடத்தில் தீர்ப்பு வந்துவிடும். பயிற்றுவிப்பாளர் இருக்கலாமா, போக வேண்டுமா? யார் ‘ஃபார்மில்’ இருக்கிறார், யாருடைய காலம் முடிந்துவிட்டது? மறுநாள் காலை பெருவிரைவு ரயிலிலும், பாடம் முடிந்து காப்பிக் கடையிலும் அதே பேச்சு தொடரும்.

இந்தப் பேச்சே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தன்னைப் பற்றிச் சண்டை போட ஆளில்லாத குழுதான் உண்மையில் பரிதாபத்துக்குரிய குழு. ஆனால், கோல் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு அதற்குப் பொருத்தமான காரணத்தைத் தேடிப் பிடிப்பதை விவாதம் என்று சொல்ல முடியாது. குழுவின் ஆட்டப் பாணி, ஓர் ஆட்டக்காரரின் ஃபார்ம், ஆட்டத்தின் முடிவு ஆகிய மூன்றும் மூன்று தனிக் கேள்விகள். நாம் அவற்றை ஒரே பானையில் போட்டுக் கிண்டுகிறோம். அதன் விளைவைச் சுமப்பவர்கள் தேசிய ஆட்டக்காரர்கள் மட்டுமல்லர், இன்று பள்ளித் திடலில் விளையாடும் பிள்ளைகளும்தான்.

வென்றவரிடம் பாணியைக் கேட்பதில்லை

ஆசியான் வெற்றியாளர் கிண்ணத்தைச் சிங்கப்பூர் நான்கு முறை வென்றிருக்கிறது: 1998, 2004, 2007, 2012. இவற்றில் கடைசி மூன்றும் ராடி அவ்ராமோவிச் பயிற்றுவித்த காலத்தில் கிடைத்தவை. என் தந்தையின் தலைமுறை அந்தக் குழுக்களை இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறது. அவை எப்படி விளையாடின என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உடல்வலிமை, கட்டுக்கோப்பான தற்காப்பு, தக்க நேரத்தில் எதிர்த்தாக்குதல் என்றுதான் சொல்வார்கள். 2012 இறுதிச் சுற்றில் ஜாலான் புசார் விளையாட்டரங்கில் தாய்லாந்தை 3-1 என்று வென்றோம். பாங்காக்கில் 0-1 என்று தோற்றாலும் மொத்தக் கணக்கில் 3-2 என்று கிண்ணம் நம் வசமானது. பாங்காக்கில் அன்றிரவு பெரும்பகுதி நேரம் நாம் தற்காத்துக்கொண்டுதான் இருந்தோம். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை.

2015 ஜூன் மாதம் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டத்தையும் நினைத்துப் பாருங்கள். ஜப்பானின் சைத்தாமா விளையாட்டரங்கில் ஜப்பானை 0-0 என்று கட்டிப்போட்டோம். கோல்காப்பாளர் இஸ்வான் மாபுட் அடுத்தடுத்துத் தடுத்த பந்துகளால் கிடைத்த சமநிலை அது. ஆட்டம் முழுவதும் பந்து நம் பாதியில்தான் உருண்டது. நவீன சிங்கப்பூர்க் காற்பந்தின் மிகப் பெருமையான இரவுகளில் ஒன்றாக அதைக் கொண்டாடுகிறோம். கொண்டாடுவதும் சரிதான்.

இனி 2016க்கு வருவோம். அந்த ஆண்டு வி. சுந்தரமூர்த்தி தேசியக் குழுவின் பயிற்றுவிப்பாளரானார். ஆட்டக்காரராக இருந்த காலத்தில், பந்தைக் காலில் வைத்துக்கொண்டு எதிராளியை ஏமாற்றும் வித்தைக்காகவே ரசிகர்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் மன்றத்துக்காகவும் அவர் விளையாடியிருக்கிறார். அப்படிப்பட்டவர் பயிற்றுவித்த குழு, மிதமிஞ்சித் தற்காக்கிறது என்று கடுமையாகக் குறைகூறப்பட்டது. அந்த ஆண்டின் சுசுகி கிண்ணப் போட்டியில் பிலிப்பீன்சுடன் 0-0, தாய்லாந்திடம் 0-1, இந்தோனீசியாவிடம் 1-2. முதல் சுற்றோடு வெளியேறினோம். பிறகு 2019 ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஆறு ஆட்டங்களில் ஒரு வெற்றிகூட கிடைக்கவில்லை. 2018 ஏப்ரலில் அவர் விலகினார்.

அந்தக் குறைகூறலில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் “தற்காத்தார்கள், அதனால் மோசம்” என்று சொன்னவர்கள் சைத்தாமாவுக்கும் பாங்காக்கிற்கும் என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? சிறிய நாடு பெரிய நாட்டை எதிர்த்து விளையாடும்போது பின்வாங்கி நிற்பது குற்றமாகாது. பந்து நம் காலுக்கு வந்தபின் என்ன நடக்கிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பந்தைப் பறித்தவர் தலையை நிமிர்த்திப் பார்க்கும்போது முன்னால் எத்தனை பேர் ஓடுகிறார்கள்? முதல் தட்டல் சகவீரரிடம் போய்ச் சேருகிறதா, அல்லது எதிரணியிடமே திரும்பிப் போகிறதா? 2016 போட்டியின் மூன்று ஆட்டங்களில் நாம் விட்ட கோல்கள் மூன்று, அடித்தது ஒன்று. தற்காப்பைவிடத் தாக்குதலில்தான் ஓட்டை பெரிதாக இருந்தது என்று அந்த எண்ணிக்கை சொல்கிறது. அப்படிப் பேசினால் அது குறையும் ஆகும், பாடமும் ஆகும். “பேருந்தை நிறுத்திவைத்தார்கள்” என்று கேலி பேசுவதால் யாருக்கும் எதுவும் புரியப்போவதில்லை.

ஒரே பயிற்றுவிப்பாளர், இரண்டு தீர்ப்புகள்

முடிவை மட்டும் பார்த்துப் பாணியை எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2021ஆம் ஆண்டு நல்ல உதாரணம். ஜப்பானியரான தட்சுமா யோஷிதா அப்போது பயிற்றுவிப்பாளர். பின்வரிசையிலிருந்து பந்தைக் கட்டியெழுப்பி விளையாட வேண்டும் என்பது அவர் கொள்கை. அந்த ஆண்டு ஜூன் மாதம் ரியாத்தில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டங்களில் பாலஸ்தீனத்திடம் 0-4, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, சவூதி அரேபியாவிடம் 0-3 என்று தோற்றோம். மூன்று ஆட்டங்களில் 12 கோல்கள் விட்டோம், ஒன்றுகூட அடிக்கவில்லை. “நமக்கு எதற்கு இந்த வேலை? நம்மிடம் அதற்கான ஆள் இருக்கிறார்களா?” என்ற கேள்வி எல்லாப் பக்கமும் எழுந்தது.

ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 25ஆம் தேதி, தேசிய விளையாட்டரங்கில் சுசுகி கிண்ண அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம். எதிரணி இந்தோனீசியா. இரண்டு பேர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறியபின் ஒன்பது பேருடன் விளையாடியபோதும் ஷாஹ்டான் சுலைமானின் ஃப்ரீகிக் நம்மை 2-1 என்று முன்னிலைப்படுத்தியது. பிறகு இந்தோனீசியா சமன் செய்தது; கூடுதல் நேரத்தில் மேலும் இரண்டு கோல்கள் போட்டது. கோல்காப்பாளர் ஹசன் சன்னியும் சிவப்பு அட்டை வாங்க, எட்டுப் பேருடன் ஆட்டம் முடிந்தது. இறுதிக் கணக்கு 2-4. அரங்கில் இருந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஜூனில் தோற்றபோது வசைபாடினோம். டிசம்பரில் தோற்றபோது கைதட்டினோம். பயிற்றுவிப்பாளர் மாறவில்லை. அவர் கொள்கையும் மாறவில்லை. எதிரணியின் தரம் மாறியிருந்தது. ஒன்றாகப் பயிற்சி செய்யக் கிடைத்த நேரம் கூடியிருந்தது. ஆனால் ஜூன் மாதத் தீர்ப்பை எழுதியபோது இந்த இரண்டையும் யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. டிசம்பர் மாதப் பாராட்டிலும் ஒரு குறை இருந்தது. அன்று நாம் கைதட்டியது ஆட்டக்காரர்களின் மனவுறுதிக்கு. ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் வெளியேற்றப்பட்டது எப்படி, அதில் கட்டுப்பாட்டுக் குறைவு எவ்வளவு என்ற கடினமான கேள்வியை உணர்ச்சி வெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது.

இன்னும் அண்மையில் நடந்ததைச் சொல்கிறேன். 2025 அக்டோபர் 9ஆம் தேதி ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்தியாவுடன் இங்கே மோதினோம். இக்சான் ஃபண்டி கோலடித்து முன்னிலை தந்தார். பத்துப் பேருடன் விளையாடிய இந்தியா 90ஆம் நிமிடத்தில் சமன் செய்தது. தற்காலிகப் பயிற்றுவிப்பாளர் கேவின் லீக்கு அனுபவம் போதாது என்ற பேச்சு உடனே என் நண்பர்களிடையே கிளம்பியது. ஐந்தே நாள் கழித்துக் கோவாவில், முதலில் கோல் விட்ட பிறகும், சோங் உய் யோங்கின் இரு கோல்களால் 2-1 என்று வென்றோம். அதே வாய்கள் அவரை மேதை என்றன. ஐந்து நாளில் ஒரு மனிதர் எவ்வளவு கற்றுக்கொண்டிருக்க முடியும்?

‘ஃபார்ம்’ என்றால் என்ன?

பாணியைப் பற்றிய பேச்சிலாவது குழு முழுவதும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்கிறது. ஃபார்ம் என்று வரும்போது ஒரே ஒருவர் கூண்டில் நிறுத்தப்படுகிறார்.

அந்த 2021 அரையிறுதிக்கே திரும்பிப் போவோம். ஆட்டம் 2-2 என்று இருந்தபோது, வழக்கமான நேரத்தின் கடைசிக் கட்டத்தில் நமக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. ஃபாரிஸ் ரம்லி உதைத்தார். இந்தோனீசியக் கோல்காப்பாளர் தடுத்துவிட்டார். கூடுதல் நேரத்தின் தொடக்கத்தில் ஷவால் அனுவார் மீது பட்ட பந்து நம் வலைக்குள்ளேயே போனது. அன்றிரவை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதியிருந்தால் இந்த இருவரும் தேசியச் சீருடையை மீண்டும் அணிந்திருக்க மாட்டார்கள்.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 2024 மார்ச் மாதம் தேசிய விளையாட்டரங்கில் சீனாவிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தோம். முதல் கோலை அடித்து மீட்சியைத் தொடங்கிவைத்தவர் ஃபாரிஸ். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. 2025 நவம்பர் 18ஆம் தேதி ஹாங்காங்கில், தோற்றால் ஆசியக் கிண்ணக் கனவு கலைந்துவிடும் என்ற நிலையில், 0-1 என்று பின்தங்கியிருந்தபோது சமன் செய்தவர் ஷவால். சற்று நேரத்தில் இல்ஹான் ஃபண்டி வெற்றிக் கோலை அடித்தார். 1984இல் போட்டியை ஏற்று நடத்தும் நாடு என்பதால் ஆசியக் கிண்ணத்தில் விளையாடினோம். தகுதிச் சுற்றில் வென்று உள்ளே போவது இதுவே முதல் முறை.

மனம் தளராமல் இருந்தால் ஒருநாள் வெல்லலாம் என்ற அறிவுரையைச் சொல்வதற்காக இதைக் குறிப்பிடவில்லை. ஓர் இரவின் ஓர் உதை, ஓர் ஆட்டக்காரரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது என்பதே என் கருத்து. பெனால்டியைத் தவறவிட்டவர் அன்று ஆட்டம் முழுவதும் நன்றாக ஓடியிருக்கலாம். கோலடித்தவர் 89 நிமிடம் கண்ணில் படாமல் இருந்திருக்கலாம்.

கோல்காப்பாளர்களின் கதை இதைவிட விசித்திரம். 2024 ஜூன் மாதம் பாங்காக்கில் தாய்லாந்திடம் 1-3 என்று தோற்றோம். அன்று 40 வயது ஹசன் சன்னி 11 பந்துகளைத் தடுத்தார். தாய்லாந்து இன்னும் அதிகக் கோல் வித்தியாசத்தில் வென்றிருந்தால் சீனா அடுத்த சுற்றுக்குப் போயிருக்க முடியாது. நன்றி சொல்லச் சீன ரசிகர்கள் தெம்பனிசில் உள்ள அவருடைய நாசி லெமாக் கடையில் வரிசை பிடித்து நின்றார்கள். கடையின் கியூஆர் குறியீடு வழியே பணம் அனுப்பியவர்களும் உண்டு. போதும் என்று அவரே கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. கோல்காப்பாளர் ஒருவர் ஒளிவீசும் நாள் பெரும்பாலும் அவர் குழு திணறும் நாள்தான். குழு நன்றாக விளையாடும் நாளில் அவருக்கு வேலையே இருக்காது. அப்படியானால் அவருடைய ஃபார்மை எதை வைத்து அளப்பது?

நடுத்திடல் ஆட்டக்காரர்களுக்கும் தற்காப்பாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. எதிரணி பந்தைத் தட்டவிருந்த இடத்தை முன்கூட்டியே ஊகித்து அடைத்துவிட்டவரைத் தொலைக்காட்சி காட்டாது. ஏனென்றால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொண்டதுதான் அவர் செய்த வேலை.

திரையில் பார்த்த அளவுகோல்

நம் விவாதங்கள் இப்படி ஆனதற்கு ஒரு காரணம், நாம் காற்பந்து பேசக் கற்றுக்கொண்ட இடம். என் நண்பர்களில் பெரும்பாலோர் இங்கிலிஷ் பிரிமியர் லீக் ரசிகர்கள். ஆர்சனலின் வலப்பக்கத் தற்காப்பாளர் எந்த நிமிடத்தில் நடுத்திடலுக்குள் வருகிறார் என்று படம் வரைந்து விளக்குவார்கள். சிங்கப்பூர்க் குழுவின் வலப்பக்கத் தற்காப்பாளர் யார் என்று கேட்டால் இருவர் பதில் சொல்வார்கள், ஒருவர் பதில் தவறாக இருக்கும்.

வாரம் முழுவதும் ஒன்றாகப் பயிற்சி செய்யும் குழுவையும், ஆட்டத்துக்குச் சில நாள் முன்னர் ஒன்றுகூடும் தேசியக் குழுவையும் ஒரே கோலால் அளக்க முடியாது. நம் இளம் ஆட்டக்காரர்களுக்குத் தேசிய சேவையும் உண்டு. மற்ற நாடுகளில் அதே வயதினர் மன்றங்களில் நாள்தோறும் விளையாடி வளரும் ஈராண்டு அது. சேவை தேவையா என்ற கேள்வி இங்கே எழவில்லை; என் வகுப்புத் தோழர்கள் அனைவரும் செய்ததுதான். ஆனால், 21 வயதில் ஒருவர் இன்னும் முழுமையாக மலரவில்லை என்றால் “திறமை இல்லை” என்று எழுதும் முன் அந்த ஈராண்டையும் கணக்கில் சேர்ப்பது நேர்மை.

இன்னொன்றும் உண்டு. தொலைக்காட்சியில் வரும் ஆய்வாளர்களின் சொற்களை நாம் இரவல் வாங்கியிருக்கிறோம். ‘ஹை பிரஸ்’, ‘லோ பிளாக்’ என்று அடுக்குகிறோம். சொல் தெரிந்துவிட்டால் பொருளும் தெரிந்துவிட்டதாக ஒரு மயக்கம். “இடைவேளைக்குப் பின் நம் முன்வரிசைக்கும் நடுத்திடலுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தது, அங்கேதான் அவர்கள் பந்தை வாங்கித் திரும்பினார்கள்” என்று கண்ணால் கண்டதை எளிய தமிழில் சொன்னால் பத்து வயதுப் பிள்ளைக்கும் புரியும்.

“தூக்கி அடி!”

இதெல்லாம் ரசிகர்களின் பொழுதுபோக்கு, இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். அந்த ஆபத்தை நான் என் தம்பி முறையான ஒருவனின் பள்ளி ஆட்டத்தில் பார்த்தேன். அவன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான், நடுத் தற்காப்பாளர். பந்து காலுக்கு வந்ததும் பதறாமல் பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட வேண்டும் என்று அவனுடைய பயிற்றுவிப்பாளர் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஓர் ஆட்டத்தில் அப்படித் தட்டிய பந்து எதிரணியிடம் சிக்கி கோலாகிவிட்டது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் அதன்பின் அவன் காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம் “தூக்கி அடி! தூக்கி அடி!” என்று கத்தினார்கள். அவனும் தூக்கி அடித்தான். அந்த ஆட்டத்தில் மட்டுமல்ல, அதற்கடுத்த ஆட்டங்களிலும்.

அந்தப் பெரியவர்கள் கெட்டவர்கள் அல்லர். தேசியக் குழுவைப் பற்றி நாம் பேசுவதைத்தான் அவர்கள் திடலோரத்தில் பேசினார்கள். தவறு செய்தால் உடனே முத்திரை விழும் என்று 14 வயதில் ஒருவன் தெரிந்துகொண்டால், பந்தை வாங்கவே தயங்குவான். பந்தை வாங்கத் தயங்கும் பிள்ளைகள் வளர்ந்து தேசியக் குழுவுக்கு வரும்போது, “நம் ஆட்டக்காரர்களுக்குத் துணிவு இல்லை” என்று நாமே எழுதுவோம். அந்தத் துணிவைக் கிள்ளிப் போட்டது யார்?

சமூக ஊடகத்தில் இது இன்னும் மோசம். இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஆட்டக்காரரின் தங்கையோ பக்கத்து வீட்டுப் பையனோ நாம் எழுதியதைப் படிக்காமல் இருக்க வாய்ப்பில்லை. ‘நேற்று அவர் பந்தை மிகவும் தாமதமாகத் தட்டினார்’ என்பது குறைகூறல். ‘இவனை எல்லாம் யார் சேர்த்தது’ என்பது வசை. முதலாவதற்கு அவர் பயிற்சித் திடலில் பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு என்ன பதில் சொல்வார்?

முடிவு முக்கியமில்லையா?

என் நண்பர்கள் எழுப்பும் எதிர்வாதம் ஒன்று உண்டு. அது வலுவானது. “காற்பந்தில் கோல்தானே கணக்கு? அழகாகத் தோற்றவர்களுக்குக் கிண்ணம் கொடுக்கிறார்களா? நாங்கள் நுழைவுச்சீட்டு வாங்குகிறோம், வெற்றியைக் கேட்க எங்களுக்கு உரிமை இல்லையா?”

உரிமை இருக்கிறது. ஹாங்காங்கில் 2-1 என்ற முடிவு இல்லாமல் நாம் ஆசியக் கிண்ணத்துக்குப் போயிருக்க முடியாது. முடிவு முக்கியம். ஆனால் முடிவு என்ன நடந்தது என்று சொல்கிறதே தவிர, ஏன் நடந்தது என்று சொல்வதில்லை. அந்த ஆட்டத்தின் இடைவேளையில் நாம் 0-1 என்று பின்தங்கியிருந்தோம். அந்த நேரத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகளை இங்கே எழுத முடியாது. இரண்டாம் பாதி முடிந்ததும் வந்தவை வேறு. முதல் 45 நிமிடத்தின் ஆட்டத்துக்கு இடைவேளையில் ஒரு மதிப்பெண், இறுதி விசிலுக்குப் பின் இன்னொரு மதிப்பெண் என்று கொடுத்தால், நாம் திருத்துவது ஆட்டத்தையா, நம் மனநிலையையா?

கோபப்படாமல் ஆட்டம் பார்க்க வேண்டும் என்றும் நான் கேட்கவில்லை. கோபம் இல்லாத ரசிகர் சுற்றுலாப் பயணிபோல. கத்துங்கள், தலையில் அடித்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் கோபத்தை ஒரு தீர்ப்பாக எழுதும் முன் ஓர் இரவு தூங்கி எழுங்கள்.

மூன்று கேள்விகள்

விவாதம் தொடங்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ளலாம் என்று எங்கள் நண்பர் வட்டத்தில் நான் முன்வைத்திருக்கிறேன். முதலாவது, குழு என்ன செய்ய முயன்றது? முயற்சியே தவறா, முயற்சி சரியாக இருந்து செயல்படுத்தியதில் பிசகா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டாவது, யாரை எதிர்த்து? தென்கொரியாவிடம் 0-7 என்று தோற்றதையும், தரவரிசையில் நமக்கு அருகில் இருக்கும் குழுவிடம் தோற்றதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. மூன்றாவது, எத்தனை ஆட்டம்? ஓர் ஆட்டக்காரர் சரிகிறார் என்று சொல்ல ஓர் இரவு போதாது. ஐந்தாறு ஆட்டங்களில் அவர் பந்தை எங்கே வாங்குகிறார், எத்தனை முறை வாங்குகிறார், இழந்த பந்தைத் திரும்பப் பெற ஓடுகிறாரா என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம். அதன் பிறகும் “அவரை மாற்ற வேண்டும்” என்று தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். அப்போது அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும்.

பட்டிமன்ற மேடையில் ஆதாரம் இல்லாமல் பேசினால் நடுவர் மணி அடித்துவிடுவார். காப்பிக் கடையில் நடுவர் இல்லை. அங்கே நமக்கு நாமே மணி அடித்துக்கொள்ள வேண்டும்.

2027 ஜனவரியில் ஆசியக் கிண்ணம் சவூதி அரேபியாவில் தொடங்குகிறது. அங்கே நம்மைவிடப் பல படி மேலே இருக்கும் குழுக்களைச் சந்திப்போம். பந்தைப் பெரும்பகுதி நேரம் அவர்களே வைத்திருக்கக்கூடும். சில இரவுகளில் கணக்கு நமக்கு வலிக்கும்படி முடியலாம். அந்த இரவுகளில், முதல் முறையாகச் சொந்தக் காலில் அந்த மேடை ஏறிய இளையர்கள் தங்கள் கைப்பேசியைத் திறப்பார்கள். நாம் எழுதியது அங்கே இருக்கும். அது கோல் எண்ணிக்கையின் எதிரொலியாக இருக்கிறதா, அவர்கள் விளையாடியதைக் கண்ணால் கண்டு எழுதியதாக இருக்கிறதா என்பதை அவர்கள் ஒரே வரியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.